முள்ளெலி பார்த்த மாநகரம்

ஒரு காட்டில், சப்பாத்திக்கள்ளிப் புதருக்கு அடியில், மருதன் என்றொரு முள்ளெலி இருந்தது. எதைப் பார்த்தாலும் அதற்கு வியப்புதான். காளான் முளைத்தாலும் நின்று பார்க்கும். கரையான் புற்றைக் கண்டாலும் நின்று பார்க்கும்.

அதற்கு ரங்கசாமி என்றொரு பெருச்சாளி நண்பன். ரங்கசாமி வைக்கோல் லாரியில் அசந்து தூங்கிப்போய், கண் விழித்தபோது காட்டோரம் வந்து இறங்கிய நாளில் ஏற்பட்ட பழக்கம். மாநகரத்தில், பூ மார்க்கெட்டுக்குப் பின்னால், பழைய கிடங்கின் அடியில் ரங்கசாமிக்குச் சொந்த வளை. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அங்கேதான் குடியிருப்பு என்பதில் அதற்குத் தலைகால் புரியாத பெருமை.

“ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போ மாப்ளே. ஊரையே சுத்திக் காட்டுறேன். அங்க எனக்குத் தெரியாத இடமே கிடையாது” என்று அழைத்தது. அடுத்த லாரியில் இரண்டும் ஏறிப் போயின.

ரங்கசாமியின் மனைவி அலமேலு ஐந்து குட்டிகளை ஈன்று மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஒன்றுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை. “நீங்க போய்ட்டு வாங்கண்ணே, நான் புள்ளைங்களோட இருக்கேன்” என்றது அலமேலு. தெருவிளக்கு எரிந்ததும் நண்பர்கள் கிளம்பிவிட்டார்கள்.

பெருச்சாளி சாக்கடை வழியாகத்தான் போகும். முள்ளெலிக்கு அது ஒத்துவரவில்லை. முள்ளெல்லாம் சேறு அப்பிக்கொள்ளும். அதனால் அது மேலே, நடைபாதை ஓரமாக நடந்தது. மூடி உடைந்த இடத்திலெல்லாம் பெருச்சாளி தலையை நீட்டி, “எங்க இருக்கே? வா, வா!” என்று விரட்டியது.

விரட்டினால் ஆயிற்றா? பூ மார்க்கெட்டைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆனது. மல்லிகை மலை மலையாகக் குவிந்து கிடந்தது. பூ கட்டும் பெண்களின் விரல்கள் போன வேகத்தில் நூல் எங்கே, காம்பு எங்கே என்றே தெரியவில்லை.

“அடேயப்பா!” என்று முள்ளெலி ஒரு கூடைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் வளையல் கடைத் தெரு. ஒரு விளக்கு ஆயிரம் கண்ணாடி வளையலில் ஆயிரம் விளக்காக எரிந்தது. அதற்கு அடுத்த நாள் மிட்டாய்க் கடை. அங்கே மீசைக்காரர் ஒருவர் துணிப்பையைப் பிழிந்து, கொதிக்கும் எண்ணெயில் ஜாங்கிரி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நிற்பவரிடம் பேசிக்கொண்டே சுற்றினார். ஒரு சுற்றுகூடப் பிசகவில்லை.

“என்ன கை மாப்ளே! சிலந்திக்குக்கூட இப்படி வராது!” என்றது முள்ளெலி.

பெருச்சாளிக்கு மானம் போயிற்று. “ஊரைப் பாக்க வந்தியா, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்க வந்தியா? அந்தப் பக்கம் பாரு, ஓட்டல் குப்பைத்தொட்டி. பூரி, கிழங்கு, கெட்டிச் சட்னி எல்லாம் இருக்கு. அதைப் பாரு!”

உண்மையைச் சொன்னால், ரங்கசாமி காட்டிய மாநகரம் முழுவதும் குப்பைத்தொட்டிகள்தான்.

நான்காம் நாள் ஒரு பழைய மாடி வீட்டின் முன்னால் முள்ளெலி நின்றுவிட்டது. மாடி முகப்பில் மரத்தில் செதுக்கிய கிளிகள் வரிசையாக இருந்தன. அது எண்ணிப் பார்த்தது. பதினேழு. நடுவில் ஒன்றுக்கு மூக்கு உடைந்திருந்தது.

“கிளம்புறியா, இல்ல இங்கயே குடியிருக்கப் போறியா?” என்று கீழிருந்து சத்தம் வந்தது.

ஐந்தாம் நாள் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் வரை போனார்கள். அங்கேதான் பிடித்தது மழை. சாதாரண மழையா! கால் மணி நேரத்தில் சாக்கடை பொங்கி, பெருச்சாளியைத் தூக்கி நடைபாதையில் எறிந்தது.

“ஐயோ, என் வளை! தண்ணி உள்ள போயிரும். அலமேலு ஒத்தையா அஞ்சையும் எப்படித் தூக்கும்?” என்று அலறிய பெருச்சாளி இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது. மோந்து பார்த்தது. வாசனையையெல்லாம் மழை கழுவிவிட்டிருந்தது. கடைசியில் நடுத்தெருவில் நின்று தேம்பியது.

“மாப்ளே, இந்த ஊர்லயே பொறந்தேன். மேல நின்னா என் வீட்டுக்கு எது வழின்னு எனக்குத் தெரியலையே!”

முள்ளெலி, “அழாதே. என் பின்னாலயே வா” என்று சொல்லிவிட்டு ஓடத் தொடங்கியது.

கடைகள் கதவை இறக்கிவிட்டிருந்தன. ஆனாலும் மீசைக்காரரின் அடுப்பு புகைந்த கரி மேல்சுவரில் இருந்தது. அது மிட்டாய்க் கடை. அங்கிருந்து நேராகப் போனார்கள். ஓரிடத்தில் தெரு இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் ஒன்றுபோல இருட்டு, ஒன்றுபோல வெள்ளம். முள்ளெலி திகைத்து நின்றது.

மின்னல் ஒன்று வெட்டியது. வலது பக்கத்து மாடியில் மூக்கு உடைந்த கிளி தெரிந்தது.

“நேத்து நீ என்னைத் திட்டின இடம் இதுதான். வா!”

வளையல் கடைத் தெரு, பூ மார்க்கெட், கிடங்கு. போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வளைக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. அலமேலு ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு, மற்ற நான்கையும் விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்றும் ஆளுக்கொன்றாகக் கவ்வி, கிடங்கின் சாக்கு அடுக்கின் மேல் கொண்டுபோய்ப் போட்டன. மறுபடி ஓடி வந்து மீதி இரண்டையும் எடுத்தன. கடைசிக் குட்டியைத் தூக்கும்போது தண்ணீர் அதன் கழுத்துக்கு வந்திருந்தது.

ஐந்தும் பிழைத்தன. அலமேலு முள்ளெலியைக் கும்பிட்டது.

மறுநாள் மாலை வெள்ளம் வடிந்து, சாக்கடை வழி பழையபடி திறந்துவிட்டது. ஆனால் பெருச்சாளி அதில் இறங்கவில்லை. முள்ளெலியோடு நடைபாதைக்கு ஏறி வந்தது. கிடங்குக்கு நேர் எதிரே, மழையில் குளித்த கோயில் கோபுரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்தன.

ரங்கசாமி அப்படியே நின்றுவிட்டது.

“மாப்ளே, இது எப்பக் கட்டுனாங்க?”

“நான் வந்த அன்னைக்கே இருந்துச்சு” என்றது முள்ளெலி.

நீதி: வியந்து பார்ப்பவனுக்கே ஊர் தன் வழியைக் காட்டும்.