இருநூற்று முப்பத்திரண்டாவது சுவிட்ச்

தெரியாது என்று சொல்வது சென்னியப்பனுக்குப் பழக்கமே இல்லை.

கோயம்புத்தூரில் இருபத்தாறு வருடம் லேத் மெஷின்களுக்கு புரோகிராம் எழுதியவர். ஒரு மெஷினில் பொத்தான் இருந்தால் அதற்கு ஒரு வேலை இருக்கும். அது என்ன வேலை என்று காலையில் தெரியாவிட்டால் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் நாற்பத்தொன்பதாவது வயதில் அந்தத் தொழிலை விட்டுவிட்டு கோகிலவாணியிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்தார்.

கோகிலவாணி ஊரின் கணபதி பகுதியில் ஒரு பம்புசெட் பட்டறையின் மாடியில் இருந்துகொண்டு, கம்ப்யூட்டருக்குள் பறக்கும் போர் விமானங்களைச் செய்துகொண்டிருந்தார். பொம்மை விமானம் இல்லை. நிஜ விமானத்தில் என்ஜினைக் கிளப்ப பதினெட்டு படி என்றால் இங்கேயும் பதினெட்டு படி. ஒன்றைத் தவறவிட்டால் இங்கேயும் கிளம்பாது. பல நாடுகளில் வீட்டில் உட்கார்ந்து அந்த விமானங்களை ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களில் நிஜ விமானிகளும் உண்டு. விளையாட்டு என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். சிமுலேட்டர் என்றுதான் சொல்ல வேண்டும்.

கோகிலவாணிக்கு வயது முப்பத்தாறு. சென்னியப்பனுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. ஆனாலும் குரு யார், சீடர் யார் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவர் இவரை அண்ணா என்பார். இவர் அவரை அம்மணி என்பார்.

மூன்று வருடமாக ஒரே விமானம். ஏதோ ஒரு குளிர்நாட்டில் ஒரு காலத்தில் பறந்தது. செம்பருந்து என்று இவர்களே அதற்குச் செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். இப்போது உலகத்தில் மிச்சம் இருப்பது மூன்றே மூன்று. மூன்றும் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன.

அதன் விமானி அறையில் இருநூற்று முப்பத்திரண்டு சுவிட்சுகள். இருநூற்று முப்பத்தொன்றை உயிர்ப்பித்துவிட்டார்கள். மிச்சம் ஒன்று. விமானியின் இடது முழங்கைக்குப் பின்னால், கறுப்பாக, சின்னதாக. மேலே, நடுவில், கீழே என்று மூன்று நிலை. பக்கத்தில் இருந்த எழுத்து தேய்ந்து போயிருந்தது. கிடைத்த கையேட்டில் அந்தப் பக்கம் இல்லை. அந்தச் சுவிட்ச் பதித்த பலகையைத் திறந்து பார்க்க முடியுமா என்று ஓர் அருங்காட்சியகத்தைக் கேட்டார்கள். இருக்கையைக் கழற்றாமல் திறக்க முடியாது, இருக்கையைக் கழற்ற அனுமதி இல்லை என்று பதில் வந்தது.

வெளியிட மூன்று வாரம் இருந்தது.

"அம்மணி, நான் பாத்துக்கறேனுங்க," என்றார் சென்னியப்பன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் கோகிலவாணியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கண்ணாடி மூடியைப் பாருங்க. பனி மூடியிருக்குதுங்களா?"

"ஆமா."

"இப்ப அந்தச் சுவிட்சை மேல தள்ளுங்க."

தள்ளினார். எங்கோ ஒரு சின்ன விசிறி முனகத் தொடங்கியது. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பனி கரைந்து, மெல்ல மேலே ஏறியது. மின்சாரம் காட்டும் முள் கொஞ்சம் சரிந்தது. அரை நிமிடத்தில் ஓடுபாதை பளிச்சென்று தெரிந்தது.

கோகிலவாணி இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப அழகா இருக்குதுங்கண்ணா. பனி கரையறது அப்படியே இருக்குது."

"அந்தக் கரையற ஓரத்துக்கு மட்டும் நாலு நாளாச்சுங்க."

"எங்க கிடைச்சுது?"

"எதுங்க?"

"இது கண்ணாடியைச் சூடாக்குற சுவிட்ச்சுங்கற விவரம்."

"கிடைக்கலைங்க. யோசிச்சேன்," என்றார் சென்னியப்பன். குரலில் தயக்கமே இல்லை. "பக்கத்துல இருக்கற நாலு சுவிட்சும் காத்துக்கும் சூட்டுக்கும் உண்டானது. நாடு குளிர்நாடு. அந்தப் பலகையில இதுக்கு மட்டும்தான் எழுத்து தேஞ்சிருக்குது. அப்படின்னா தினமும் கை பட்டிருக்குது. தினமும் கை படற மாதிரி அங்க வேற என்ன வேலைங்க இருக்கும்?"

கோகிலவாணி விமானத்தோடு கொடுக்க வேண்டிய கையேட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார்.

"எழுதுங்க. இந்தச் சுவிட்ச் இன்னதுன்னு ஒரு வரி. எங்க பாத்தோம்னு இன்னொரு வரி."

மற்ற எல்லாச் சுவிட்சுக்கும் அந்த இரண்டாவது வரி இருந்தது. இன்ன கையேடு, இன்ன பக்கம். இன்ன விமானி, இன்ன தேதியில் சொன்னது.

சென்னியப்பன் முதல் வரியை மளமளவென்று அடித்தார். இரண்டாவது வரியில் விரல் நின்றது.

"என் யோசனைன்னு போடலாங்களா?"

"போடலாம். போட்டா படிக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

சென்னியப்பன் அடித்ததை அழித்தார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கறேன். தெரிஞ்ச வரைக்கும் போட்டாச்சு. தெரிஞ்சுக்கவே முடியாத இடம்னு ஒண்ணு வருது. அங்க என்னத்தைத்தான் வைக்கறதுங்க?"

கோகிலவாணி நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"நான் முதல் முதல்ல செஞ்ச விமானத்துல பெட்ரோல் குறைஞ்சா எரியற விளக்கு ஒண்ணு. எத்தனை லிட்டருக்கு வந்தா எரியும்னு எங்கயும் கிடைக்கலை. அவசரம். நானா நானூறுன்னு போட்டேன்."

"சரிங்க."

"ஆறு வருஷம் கழிச்சு அந்த விமானத்தை ஓட்டுன ஒருத்தர் எழுதினார். ஐந்நூத்தம்பது, நல்லா ஞாபகம் இருக்குன்னார். மாத்தினேன். அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு புஸ்தகம் பாத்தேன். அந்த விமானத்தைப் பத்தி எழுதுன பெரிய புஸ்தகம். அதுல நானூறுன்னு இருந்துச்சு."

"அவங்களுக்கு எப்படிங்க?"

"அதைத்தான் எழுதுனவர்கிட்ட கேட்டேன். ரெண்டு ஆதாரம் பாத்துத்தான் போட்டேன்னார். ரெண்டும் என்கிட்ட இருந்து போனது."

சென்னியப்பன் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது.

"அது நான் போட்ட பொய்யிங்கன்னு எழுதினேன்," என்றார் கோகிலவாணி.

"என்ன சொன்னார்?"

"அதுக்கு ஆதாரம் கேட்டார்."

கீழே பட்டறையில் ஒரு மோட்டாரை ஓடவிட்டுச் சோதித்தார்கள். சத்தம் அடங்கியதும் கோகிலவாணி திரையில் நின்ற செம்பருந்தைக் காட்டினார்.

"இந்தப் பறவை உலகத்துல மூணுதான் இருக்குது," என்றார் கோகிலவாணி. "மூணும் இனிமேல் கிளம்பாது. நாளைக்கு யாராவது இதைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா நம்மகிட்டத்தான் வருவாங்க."

எழுந்து போய்விட்டார். பனி கரையும் வேலையை எடுத்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. தானே எடுக்கவும் இல்லை.

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. பத்து நாள் உழைப்பு. அதுவும் அவர் செய்ததிலேயே அழகானது. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. மறுநாள் வரவில்லை.

அதற்கடுத்த நாள் காலை முதல் ஆளாக வந்தார். செம்பருந்தைக் கிளப்பினார். பதினெட்டுப் படி. கண்ணாடியில் பனி. சுவிட்சை மேலே தள்ளினார். கரைந்தது. அப்படியே ஓடுபாதையில் ஓடி எழும்பி, ஒரு வட்டம் அடித்து, வந்து இறங்கினார். பிறகு புரோகிராமிலிருந்து விசிறியை எடுத்தார். கரையும் ஓரத்தை எடுத்தார். சரியும் முள்ளை எடுத்தார். சுவிட்ச் மட்டும் மிச்சம் இருந்தது. தள்ளினால் டக்கென்று மேலே போகும், கீழே வரும். அவ்வளவுதான்.

கையேட்டில் எழுதினார்: பயன் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவும்.

வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவர் எழுத்தில் போட்டது அதுதான் முதல் தடவை.

அன்றே இவர்களுடைய விமானங்களை விற்றுத்தரும் நிறுவனத்திலிருந்து ஹெரால்ட் என்பவர் கூப்பிட்டார். எதையும் நேராகப் பேசுகிற ஆள்.

"எல்லாச் சுவிட்சும் வேலை செய்யும் என்று விளம்பரம் தயார் செய்துவிட்டோம். எல்லாம் செய்கிறதா?"

"இருநூற்று முப்பத்தொன்று செய்கிறது," என்றார் கோகிலவாணி. "ஒன்று என்னவென்று தெரியவில்லை."

"ஒரு சுவிட்ச். அதில் எதையாவது வைத்துவிடுங்கள். யாருக்குத் தெரியப் போகிறது?"

"எங்களுக்குத் தெரியும்."

"முழுமையான விமானத்துக்குத்தான் எங்கள் இணையதளத்தின் முதல் பக்கத்தில் இடம் கொடுக்கிறோம்."

"அப்படியானால் இரண்டாவது பக்கத்தில் போடுங்கள். இருநூற்று முப்பத்திரண்டில் இருநூற்று முப்பத்தொன்று என்று போடுங்கள்."

அந்தப் பக்கம் ஹெரால்ட் சிரிப்பது கேட்டது.

"இப்படி யாரும் விளம்பரம் செய்ததில்லை."

"நல்லதுதானே," என்றார் கோகிலவாணி.

அப்படியே வெளிவந்தது. முதல் பக்கம் கிடைக்கவில்லை. முதல் வாரம் கேலிதான் மிஞ்சியது. மூன்று வருடத்தில் ஒரு சுவிட்சைக் கண்டுபிடிக்க முடியாதவர்கள் என்று ஒருவர் எழுதினார். அது விமானிக்குக் காபி போடும் சுவிட்ச் என்றார் இன்னொருவர். அப்புறம் நிஜமாகவே யூகங்கள் வரத் தொடங்கின. நூற்றுக்கணக்கில். சென்னியப்பன் ஒவ்வொன்றையும் படித்தார். பதினான்கு பேர் கண்ணாடியைச் சூடாக்கும் சுவிட்ச் என்றே சொல்லியிருந்தார்கள். பக்கத்துச் சுவிட்சுகள், குளிர்நாடு, தேய்ந்த எழுத்து என்று அதே காரணங்கள்.

"பாருங்க அம்மணி. பதினாலு பேர்."

"உங்களோட பதினஞ்சு," என்றார் கோகிலவாணி. "ஆதாரம்?"

சென்னியப்பன் அடுத்த கடிதத்துக்குப் போனார்.

ஐந்தாவது வாரம் மிலேனா என்ற பெண்ணிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த விமானப் படையில் பதினொரு வருடம் மின்கம்பி வேலை பார்த்தவர். அவருடைய மருமகன் செம்பருந்தை வீட்டில் ஓட்டுகிறார். இந்த ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாதாம் என்று மாமியாரிடம் காட்டியிருக்கிறார். மாமியார் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் கொட்டிவிட்டதாம்.

சென்னியப்பன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார்.

"அந்தச் சுவிட்சுக்கு வேலையே கிடையாது. ஒரு கருவி வைப்பதாக இருந்து, அது கடைசி வரை வரவில்லை. இரண்டு கம்பியையும் பின்னால் மடக்கி உறை போட்டுவிட்டோம். எல்லா விமானத்திலும் அப்படித்தான். அந்த அறையில் எதைத் தொட்டாலும் ஏதாவது நடக்கும். தொட்டால் ஒன்றும் நடக்காதது அது ஒன்றுதான். அதனால் விமானிகள் கிளம்புமுன் எல்லாரும் அதைத்தான் தொடுவார்கள். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று. எழுத்து தேய்ந்துவிட்டது, வந்து புதிதாகப் பூசு என்று எனக்கு மாதா மாதம் உத்தரவு வரும்."

படித்து முடித்துவிட்டுத் திரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஒண்ணுமே இல்லைங்களா!"

"ஒருத்தர் சொன்னது ஒரு ஆதாரம்தான்," என்றார் கோகிலவாணி. "இருக்கையைக் கழட்டாம பாக்க வழி இருக்குதான்னு அவங்ககிட்டயே கேளுங்க."

இருந்தது. சக்கரம் மடங்கும் குழிக்குள் ஒரு சின்ன மூடி, நான்கு திருகு. மிலேனா படம் வரைந்தே அனுப்பினார். அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளில் அங்கிருந்து புகைப்படம் வந்தது. இரண்டு கம்பிகள். முனை மடக்கி, உறை போட்டு, எங்கேயும் போகாமல் நின்றன.

சென்னியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அம்மணி! அப்ப இருநூத்தி முப்பத்திரண்டும் சரி! நாம வெளியிட்டது ஒரு குறையும் இல்லாத விமானம்!"

"ஆமாங்கண்ணா."

"ஹெரால்டுகிட்ட சொல்லிப்போடலாங்களா?"

"சொல்லுங்க. அதுக்கு முன்னால கையேட்டைத் திருத்துங்க."

அவர் உட்கார்ந்தார். 'பயன் தெரியவில்லை' என்பதை எடுத்துவிட்டு 'பயன் இல்லை' என்று அடித்தார். கீழே இரண்டாவது வரியில் மிலேனாவின் பெயர், தேதி, புகைப்படத்தின் எண். பிறகு விமானத்தின் புரோகிராமைத் திறந்தார். அந்தச் சுவிட்சின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மாற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

மூடினார். மறுபடி திறந்தார்.

"அம்மணி."

"சொல்லுங்க."

"இதுல ஒரு எழுத்துகூட மாறலைங்க. வெளியிட்ட அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குது. அன்னைக்கே வேலை இல்லாத சுவிட்ச்சுன்னு அடிச்சு விட்டு, எல்லாமே சரின்னு சொல்லியிருந்தா முதல் பக்கமும் கிடைச்சிருக்கும். சொன்னதும் நிஜமாத்தானே இருந்திருக்கும். அப்புறம் எதுக்குங்க இத்தனை பாடு?"

கோகிலவாணி கையேட்டில் அவர் எழுதிய இரண்டு வரிகளையும் படித்துப் பார்த்தார்.

"விமானம் அன்னைக்கே சரியாத்தான் இருந்துச்சுங்கண்ணா," என்றார். "நாம இன்னைக்குத்தான் சரியானோம்."