டிராகனை வெட்ட மேட்டூர் போன வீரன்

ஈரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நாலு பேர் ஞாயிறுதோறும் கூடுவார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை போதும் என்று ஆண்டவன் நினைத்திருக்க வேண்டும். அதையும் அன்றைக்கு யார் கொண்டுவருவது என்று அவர்கள் பேசி வைக்கவில்லை.

அவர்கள் ஆடுவது கதை விளையாட்டு. நாச்சிமுத்து கதை சொல்வான். மற்றவர்கள் அதில் வீரர்களாகிப் பகடை உருட்டுவார்கள். எட்டு மாதம் காடு மலை தாண்டி அன்றுதான் டிராகன் குகைக்கு வந்திருந்தார்கள். சென்னியப்பனின் வீரன் வாள்மாறனுக்கு ஒரே ஓர் உயிர்தான் மிச்சம். கவலையில் சென்னியப்பனுக்குக் காலை இட்லிகூட இறங்கவில்லை.

அதற்காகவே முந்தின நாள் கார்ட்டூன் படம் எடுக்கும் வகுப்புக்குப் போய் இரண்டு ரகசியங்களை எழுதி வந்திருந்தான்.

“ஒண்ணு, வாயால சொல்லாதே, காட்டு,” என்று படித்தான் சென்னியப்பன்.

நாச்சிமுத்து சட்டென்று வாயை மூடிக்கொண்டான். டிராகனைக் காட்டக் கைகளைப் படபடவென்று அடித்தான்.

“கோழி,” என்றான் ஜமால்.

“அடைக்கோழி,” என்று திருத்தினாள் தீபசங்கரி. “மூஞ்சியப் பாரு, எவ்வளவு கோபம்!”

நாச்சிமுத்து நெருப்பைக் கக்கிக் காட்டினான்.

“பாவம், அதுக்குச் சளி,” என்றான் ஜமால்.

கடைசியில் அவன் ‘டிராகன்’ என்று தாளில் எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று.

“ரெண்டாவது, முன்னால பாயணும்னா முதல்ல பின்வாங்கணும். அப்பத்தான் வேகம் வரும்,” என்ற சென்னியப்பன், வீரன் பொம்மையைப் பின்னால் மேசை ஓரத்துக்கு நகர்த்தினான்.

“டிராகன் எத்தனை பெருசு! இந்த வேகம் பத்துமா?” என்றாள் தீபசங்கரி.

பத்தாது என்று நால்வரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். சென்னியப்பன் பொம்மையோடு பின்பக்கமாகவே படியிறங்கி, மேட்டூர் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு உட்கார்ந்தான்.

“ஏனுங்க தம்பி, உடம்புக்கு முடியலீங்களா?” என்றார் பின்சீட்டு அம்மா.

“பாயப் போறேனுங்க.”

பவானி தாண்டியதும் ஜமால் போன் செய்தான். “மாப்ள, டிராகனும் பாயணுமில்ல? அந்தப் பொம்மையைத் தூக்கிட்டு நான் எதிர்ப்பக்கமா கரூர் பஸ்ல ஏறிட்டேன்.”

நியாயம்தான் என்று சென்னியப்பனுக்கும் பட்டது.

மேட்டூரில் இறங்கியதும் நால்வரும் ஒரே போன் இணைப்பில் சேர்ந்தார்கள். மாடியில் தீபசங்கரி பகடையை உருட்டினாள்.

“ஆறு! வெட்டு விழுந்துருச்சு!”

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதப் பாடு! பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்று கத்தினான்: “ஜமாலு! செத்துட்டியா?”

“இரு மாப்ள, கரூர் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன். இறங்கினதும் செத்துடறேன்.”