காத்தான் பாதம்

ஒரு ஊர்ல ஒரு மீசை இருந்துச்சு.

என்ன சிரிக்கிற? நிசமாத்தான் சொல்றேன். மீசைதான் மொதல்ல தெருவுக்கு வரும். அதுக்குப் பின்னாடி, அதைச் சுமந்துக்கிட்டு ஒரு ஆளு வருவான். அவன் பேரு துரைச்சிங்கம். பேருலதான் சிங்கம். வீட்டுக்குள்ள கரப்பான் பூச்சி வந்தா கட்டில் மேல ஏறி நின்னுக்கிட்டு, "அடைக்கி! அடைக்கி!"ன்னு பொண்டாட்டியக் கூப்பிடுவான். அடைக்கிதான் வந்து வெளக்குமாத்தால ஒரு சாத்து, சப்! அப்புறம் மீசை கீழ எறங்கும். ம் கொட்டு.

"ம்."

அந்த ஊருக்குச் சோறு போடறது ஒரு கண்மாய். கண்மாய்க் கரையில, தண்ணி வயலுக்குப் போறதுக்கு ஒரு வாய் இருக்கும்ல, அதுக்குப் பேரு மடை. அந்த மடைக்குப் பக்கத்துல ஆள் உசரத்துக்கு ஒரு கல்லு. மேல பழைய எழுத்து. யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆனா அந்தக் கல்லுதான் கரை சரியாம தாங்கிக்கிட்டு நிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். இவனைத் தவிர.

இவனுக்கு வேற ஒண்ணு தெரியும். "எங்க பூட்டன் காத்தான் பெரிய ராசா!" டீக்கடைக்குப் போனா ராசா. சலூனுக்குப் போனா ராசா. எழவு வீட்டுக்குப் போனாலும், செத்தவரை விட்டுட்டு ராசா கதைதான்.

ஊருக்குத் தெரிஞ்ச காத்தான் வேற. பந்தியில உக்காந்தா வாழையிலை கிழியிற வரைக்கும் வழிச்சுத் திம்பாராம். அதுல மட்டும் அவரை யாரும் ஜெயிச்சதில்ல.

அப்புறம் என்னாச்சு? ஒரு நாள் டவுன்லேருந்து ஒரு அம்மா வந்தாங்க. பேரு சகாயமேரி. பழைய கல்லு, பழைய பானை, பழைய எழுத்து, இதெல்லாம் பார்த்துப் படிக்கிறது அவங்க வேலை. "இந்த ஊரைச் சுத்தி நெறைய இருக்காமே, பார்க்கணும்"னாங்க.

மீசை துடிச்சிருச்சு. "வாங்கம்மா! எல்லாம் எங்க பூட்டனோடதுதான். நானே காட்டறேன்!"

மொதல்ல ஊருக்கு மேற்க ஒரு மேடு. அங்க பெரிய பெரிய உருண்டைக் கல்லு வட்டமா நட்டு வச்சிருக்கு. நடுவுல ஒரு பலகைக் கல்லு.

"இதுதாம்மா எங்க பூட்டனோட தர்பாரு. சுத்தி மந்திரிங்க உக்காருவாங்க. நடுவுல ராசா."

"இல்லைங்க ஐயா, இது வந்து..."

"எனக்குத் தெரியும்மா!"

"கொஞ்சம் பொறுங்க, முழுசா சொல்லிடறேன்."

எங்க பொறுத்தான்? மீசையை முறுக்கிக்கிட்டுப் போய் நடுக்கல்லு மேல ஜம்முனு உக்காந்தான். கல்லு கிர்ர்ருனு சாஞ்சுது. பார்த்தா ஆளைக் காணோம். டொப்!

"எங்க போனான்?"

குழிக்குள்ள. குழிக்குள்ள ஒரு பெரிய பானை. அந்தப் பானைக்குள்ள மீசைக்காரன் பின்பக்கம் மாட்டி, காலு ரெண்டும் வானத்தைப் பார்த்து ஆடுது. அந்தம்மா ஓடி வந்தாங்க. "ஐயோ, உடைச்சிடாதீங்க! ஆடாதீங்க!"

"எனக்கு ஒண்ணும் உடையலம்மா!"

"உங்களைச் சொல்லலைங்க. பானையைச் சொன்னேன். ரெண்டாயிரம் வருஷத்துத் தாழி அது. செத்தவங்களை உள்ள வச்சுப் பொதைக்கிறது. இந்த மேடு பூரா அந்தக் காலத்துச் சுடுகாடு."

மீசை அப்படியே தொங்கிருச்சு. அடைக்கியும் ஊர்க்காரங்களும் வந்து அவனை மெள்ள மெள்ள உருவி எடுத்தாங்க. பானைக்கு ஒரு கீறல் இல்ல. அடைக்கி அவன் வேட்டி மண்ணைத் தட்டிக்கிட்டே சொன்னா, "நல்ல தர்பாருங்க. மந்திரிங்க எல்லாரும் படுத்துத்தான் இருக்காங்க போல."

ம் எங்க?

"ம்."

வேற ஆளா இருந்தா ஒரு வாரம் வீட்டை விட்டு வெளிய வந்திருக்க மாட்டான். இவன் மறுநாளே பளபளன்னு வந்து நிக்கிறான். "அம்மா, அது போகட்டும். எங்க பூட்டன் படமே ஒண்ணு இருக்கு!"

வரப்போரமா ஒரு கல்லு. வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிச்சு அடிச்சு, உருவம் எல்லாம் மொழுமொழுன்னு மூடிப் போச்சு. மங்கலா ஏதோ தெரியும். "பாருங்க, தலையில கிரீடம். பின்னால வளைஞ்ச வாள்."

"ஐயா, கழுவிப் பார்த்துட்டுச் சொல்றேன். கொஞ்சம் பொறுங்க."

"எனக்குத் தெரியும்மா!" அப்படியே நெடுஞ்சாண்கிடையா விழுந்தான். மாலை போட்டான். சூடம் கொளுத்தினான். "பூட்டா! உன் பேரைக் காப்பாத்துவேன்!"ன்னு ஒரு அழுகை வேற.

அந்தம்மா தண்ணியை ஊத்தி, தென்னை நார் வச்சு, சரக் சரக்குனு தேய்ச்சாங்க. சுண்ணாம்பு உரிஞ்சுது. கிரீடம்னு நெனச்சது கொண்டை. வாள்னு நெனச்சது வாலு.

"சேவலா!"

சேவலேதான்! "அந்தக் காலத்துல சேவல் சண்டையில நல்லா நின்னு செத்த சேவலுக்கு ஊரே சேர்ந்து நட்ட கல்லு இது"ன்னாங்க அந்தம்மா.

வயக்காட்டுல ஒரே சிரிப்பு. பொடிசுங்க எல்லாம் கொக்கரக்கோ, கொக்கரக்கோன்னு அவன் பின்னாலேயே வருதுங்க. அடைக்கி கேட்டா, "ஏங்க, இனிமே விடியக்காலம் நீங்க கூவுவீங்களா? நான் அலாரத்தைத் தூக்கிப் போட்டுரட்டுமா?"

அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அது எங்க பூட்டன் வளர்த்த சேவலா இருக்கும்." சேவலாவது சண்டை போட்டுச் செத்துச்சு. இவன் என்னத்தைப் பண்ணினான்?

அப்புறம் மூணாவது. அந்தம்மா மடைக்கல்லுக்கு வந்தாங்க. கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால தப் தப் தப்புனு தட்டினாங்க. அப்புறம் மையைத் தொட்டு பொத் பொத்துனு ஒத்தினாங்க. காகிதம் கறுப்பாகி, எழுத்து மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சுது. மேல் வரி தேஞ்சு போச்சு. கீழ் வரி சேத்துக்குள்ள இருக்கு. நடுவுல ஒரே ஒரு வரி. அந்தம்மா எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க.

"காத்தான் பாதம் என் தலைமேல்."

அவ்வளவுதான். மீசை ரெண்டும் காதைத் தொட்டுருச்சு! "காத்தான்! எங்க பூட்டன் பேரு! யாரும்மா இதை எழுதினது?"

"ராசா எழுதினதுதான். ஆனா ஐயா, காத்தான்ங்கிறது இங்க..."

"ராசாவே எங்க பூட்டன் காலைத் தன் தலைமேல வச்சிருக்கான்!"

"கொஞ்சம் பொறுங்க, முழுசா சொல்லிடறேன். கீழ இன்னொரு வரி..."

"எனக்குத் தெரியும்மா!" போயே போயிட்டான். ஊர் பூரா தண்டோரா போடாத குறை.

அன்னைக்குச் சாப்பிடும்போது சொல்றான், "அடைக்கி, அந்தக் கல்லைப் பிடுங்கிட்டு வந்து நம்ம வாசல்ல நடப் போறேன்."

அவ கரண்டியைச் சட்டியில போட்டுட்டுச் சொன்னா, "ஏங்க, அது மடையைத் தாங்குற கல்லுங்க! நெல்லு பால் பிடிக்கிற நேரம். இப்போ கண்மாய் ஒடைஞ்சா ஊரே பட்டினிங்க!"

"ராசா தலையில கால் வச்ச வம்சம், நெல்லுக்குப் பயப்படுமா?"

"ராசா வம்சம் அப்புறம் எதைத் திங்கும்? மீசையையா?"

கேட்டானா? மறுநாள் ஊரே வயல்ல குருவி விரட்டிக்கிட்டு இருக்கு. இவன் மட்டும் ரெண்டு மாட்டை ஓட்டிக்கிட்டுக் கரைக்குப் போனான். கல்லுக்கு வடம் கட்டினான். "ஹை! ஹை!" கல்லு நற நறன்னுச்சு. மாடுங்களுக்கே மனசில்ல, திரும்பித் திரும்பிப் பார்க்குதுங்க. "ஹை!" புளக்!

கல்லு வந்துருச்சு. கல்லு இருந்த எடத்துல ஒரு பொந்து. அதுல தண்ணி குபுகுபுகுபுன்னு பாயுது. கரை மண்ணு பொத்துப் பொத்துனு விழுது. இவன் எட்டிப் பார்த்தான். கால் வழுக்கிச்சு. சொய்ய்ங்...

"செத்துட்டானா?"

சே, அவனாவது சாகறதாவது. பொந்துக்குள்ள போயி, தொப்பை மாட்டிக்கிட்டு நின்னுட்டான். தலையும் கையும் வெளிய, மிச்சமெல்லாம் உள்ள. தண்ணி பட்டுனு நின்னுருச்சு. அந்தத் தொப்பை பொறந்ததுலேருந்து ஊருக்குச் செஞ்ச ஒரே உபகாரம் அதான்.

"அடைக்கி! அடைக்கி! என்னைத் தூக்கு!"

அடைக்கி ஓடி வந்தா. பார்த்தா. ஒரு நொடியில எல்லாம் புரிஞ்சு போச்சு. "அசையாதீங்க! நீங்க வெளிய வந்தா கண்மாயும் கூடவே வந்துரும். மூச்சை நல்லா இழுத்துத் தொப்பையை உப்பி வைங்க!" அப்புறம் வயலைப் பார்த்து ஒரு சத்தம் போட்டா, "ஏ, எல்லாரும் வாங்க! மடை போகுது!"

ஊரே ஓடி வந்துச்சு. வைக்கோல், மண்ணு, கல்லு, கூடை கூடையா வருது. ஆனா அந்தச் சரிவுல கால் வைக்க எடமில்ல, வழுக்குது. கெட்டியா இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். அவன் தலை.

அடைக்கி கையெடுத்து ஒரு கும்பிடு போட்டா. "மன்னிச்சுக்கங்க." வச்சா காலை, தொப்! கூடையைக் கொட்டினா. அவளுக்குப் பின்னால அடுத்த வீட்டுக்காரி, தொப். அவளுக்குப் பின்னால டீக்கடைக்காரரு, தொப். ஒவ்வொரு தொப்புக்கும் மீசை சேத்துல முங்கி முங்கி எந்திரிக்குது.

அப்போ சகாயமேரி அம்மாவும் ஓடி வந்தாங்க. கரையில கல்லு கெடக்கு. சேத்துக்குள்ள இருந்த கீழ் வரி இப்போ பளிச்சுனு தெரியுது. படிச்சாங்க. படிச்சுட்டு வாயைப் பொத்திக்கிட்டாங்க.

"என்னம்மா எழுதியிருக்கு?"ன்னா அடைக்கி. அவ காலு அப்போ அவன் தலைமேலதான் இருக்கு.

"காத்தான்ங்கிறது பேரு இல்லம்மா. காப்பாத்தினவன்னு அர்த்தம். இந்த மடையை யாரு காப்பாத்துறாங்களோ, அவங்க பாதம் என் தலைமேல இருக்கட்டும்னு ராசா சொல்றாரு. அதுக்குக் கீழ, 'அழித்தான் தலைமேல் ஊரார் பாதம்'."

எல்லாரும் கால் இருக்கிற எடத்தைப் பார்த்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க பாரு, கண்மாய்க் கொக்கெல்லாம் பறந்து போச்சு.

மடையை அடைச்சு, கரையைக் கெட்டிப் பண்ணி, அவனை உருவி எடுத்து, அதே மாட்டை வச்சு அதே கல்லைத் திரும்ப நட்டாங்க. நெல்லு பொழச்சுது. ஊரு பொழச்சுது. அவன் கரையில உக்காந்து மூக்குல இருக்கிற சேத்தைச் சிந்திக்கிட்டே, மெள்ளக் கேக்கறான், "ஏம்மா, அந்த அழித்தான்... அது வேற யாரோ ஒருத்தரோட பேரா இருக்கும்ல?"

அடைக்கி காலைக் கழுவிக்கிட்டே சொன்னா, "ஆமாங்க, பேருதான். இன்னையிலேருந்து உங்க பேரு."

அப்புறம் அந்த ஊர்ல துரைச்சிங்கம் யாருன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. அழிச்சான் வீடு எங்கன்னு கேட்டா, நண்டு சிண்டெல்லாம் கை காட்டும்.

"அத்தை, அந்த மீசை?"

மண்ணு ஒட்டிக்கிட்டு வரவேயில்ல. மழிச்சாச்சு.

"ம்ம்..."

சரி, மடையையும் அடைச்சாச்சு, மீசையையும் எடுத்தாச்சு, கதையில மிச்சம் ஒண்ணும் இல்ல. கண்ணை மூடு. ஏய், காலை எடு என் தலைமேலேருந்து!