ஈரம் காயாத கால்தடங்கள்

காட்டுக்குளத்தின் மண்கரையில் ஓட்டைகள் விழுந்துவிட்டன. தண்ணீர் நூல்நூலாகக் கசிந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பெருமழை பெய்தால் கரை உடையும். உடைந்தால் பாயும் தண்ணீர் கோரைப்புல்லையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கோரைக்குள்தான் அல்லி என்ற தாழைக்கோழியின் கூடு இருந்தது. கூட்டில் நான்கு முட்டைகள்!

கரைக்குத் தலைவர் ஒரு நாரை. "கரை அடைக்க விருப்பமுள்ளவர்கள் வரலாம்!" என்று அவர் அறிவித்தார்.

அல்லி முதல் ஆளாக ஓடினாள். முயல்கள் வந்தன. ஓட்டாயி ஆமை வந்தாள். கொடுக்கன் நண்டும் வந்தான்.

நாரை தொண்டையைச் செருமினார். "முதலில் எல்லோரும் இந்தச் சேற்றில் கால்தடம் பதியுங்கள். தடம் காய்ந்த பிறகுதான் வேலை. பொழுது சாயும்வரை யாரும் நகரக்கூடாது. குளத்தோரப் புல்லை யாரும் மேயக்கூடாது!"

"வெறும் வயிற்றோடு நாள் முழுக்க மண் சுமக்கவா? ஆளை விடுங்கள் சாமி!" என்று முயல்கள் திரும்பின.

நாரை மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "ஓட்டாயி, நீ ஒரு பிடி மண் கொண்டுவருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். வேண்டாம். கொடுக்கா, எட்டுக்கால் தடத்துக்கு இங்கே இடமில்லை. அதுவுமில்லாமல், வளை தோண்டுகிறவனே நீதானே!"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். நண்டு பக்கவாட்டில் நழுவினான்.

மிச்சம் நின்றவள் அல்லி மட்டும்தான். அவள் பதித்த தடம் காயவே இல்லை. மேகம் மூடிய நாளில் சேறு எப்படிக் காயும்? முட்டைகள் வேறு குளிர்ந்துகொண்டிருந்தன.

"பார்த்தாயா? இந்தக் காட்டில் ஒருவருக்காவது பொதுநலம் உண்டா?" என்று நாரை அலுத்துக்கொண்டார்.

அல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நிறுத்துங்கள் ஐயா! வந்தவர்களை எல்லாம் துரத்திவிட்டு, யாரும் வரவில்லை என்கிறீர்களே, இது என்ன நியாயம்? கரையை அடைப்பது மண்ணா, என் கால்தடமா?"

"ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா?"

"வேண்டும். ஆனால் கரையே போன பிறகு அந்த ஒழுங்கை எங்கே வைப்பீர்கள்?"

நாரை மறுபடி தொண்டையைச் செருமினார். அதற்குள் முதல் துளி அவர் அலகில் விழுந்தது. அடுத்த துளி தடத்தில் விழுந்தது. தடம் கரைந்தே போனது! நாரை அதையே பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "என்ன செய்யலாம், சொல்லம்மா?"

அல்லி குரல் கொடுத்து, போனவர்களை எல்லாம் திரும்ப அழைத்தாள். "முயல்கள் வயிறு நிறையப் புல் மேயட்டும். முடிந்த நேரம்வரை வேலை செய்யட்டும். ஓட்டாயி அக்கா, நீங்கள் என் கூட்டுக்குக் காவல் இருப்பீர்களா? நான் மண் சுமந்துவிட்டு, அவ்வப்போது வந்து அடைகாப்பேன்."

"காவலா? அசையாமல் இருப்பதுதானே எனக்குக் கைவந்த கலை!" என்று ஆமை சிரித்தாள்.

"கொடுக்கா, ஓட்டைகள் எங்கெங்கே என்று..."

"எல்லாம் எனக்குத் தெரியும். பாதி நான் தோண்டியதுதானே!" என்று நண்டு வெட்கத்தோடு முன்னால் ஓடினான்.

நண்டு இடம் காட்டினான். முயல்கள் களிமண்ணை உருட்டித் தள்ளின. அல்லி கோரையைக் கொத்திவந்து திணித்தாள். தன் நீளக் கால்களால் மண்ணை மிதித்து இறுக்கியவர் யார் தெரியுமா? நாரையேதான்!

கடைசி ஓட்டையை அடைத்ததும் வானம் கொட்டித் தீர்த்தது. குளம் நிரம்பியது. கரை அசையவில்லை.

நான்காம் நாள் முட்டைகள் பொரிந்தன. நாரை ஒவ்வொருவராகத் தேடிப்போனார். நண்டின் வளைக்கு முன்னால் நீண்ட கழுத்தைத் தரையோடு தாழ்த்தி, "தம்பி, நீ இல்லாமல் இந்தக் கரை இல்லை" என்றார். ஆமைக்கும் முயல்களுக்கும் அதே வணக்கம். கடைசியாக அல்லியிடம் வந்தார்.

"என்னோடு சண்டை போட்டாயே, அதற்கும் நன்றி அம்மா!"

அல்லிக்குச் சிரிப்பு வந்தது. "தேவைப்பட்டால் இன்னொரு முறையும் போடுவேன் ஐயா!" என்றாள்.

கைகொடுக்க வருபவர்களுக்கு நாம் செலுத்தும் முதல் நன்றி, அவர்கள் வரும் வழியில் கிடக்கும் தடைகளை எடுத்துப் போடுவதே.