திரும்பி வராத பை

பிலோமினா மாஸ்டருக்கு முப்பத்திரண்டு வயது. அவளிடம் குத்துச்சண்டை பழகிய தசரதனுக்கு நாற்பத்தாறு. காசிமேட்டில் கைவிடப்பட்ட ஐஸ் கிடங்கு ஒன்றில் பயிற்சி நடந்தது. அவள் பகலெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதிவிட்டு வருவாள். அவன் துறைமுகத்து லாரியை ஓட்டிவிட்டு வருவான். சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பேருக்குமே உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றிருக்கும்.

சேர்ந்த அன்றே அவன் சொல்லிவிட்டான்.

"வீட்ல கை நீட்டிட்டேன் மாஸ்டர். என் சம்சாரம் கஸ்தூரி, பொண்ணைக் கூட்டிக்கினு அம்மா வீட்டுக்குப் பொன்னேரி போயிட்டா. இந்தக் கை அடங்கணும்."

ஐந்து மாதம் ஆயிற்று. அந்தச் சனிக்கிழமை தோளில் ஒரு மூட்டையோடு வந்தான்.

"வீட்ல மாட்ட ஒரு பை குடுங்க மாஸ்டர். கோவம் வந்தா அதைக் குத்திக்கிறேன். நாளைக்குப் போய்க் கஸ்தூரியைக் கூப்பிடப் போறேன். பை மாட்டிட்டேன்னு சொன்னா வந்துடுவா."

"எந்தப் பை?"

"நீங்கதான் சொல்லணும்."

"குத்திப் பாருங்கண்ணே" என்று அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வெறும் பையை அவள் தருவாள். உள்ளே அடைக்கப் பழந்துணியை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அவள் மூட்டையை அவிழ்த்தாள். எல்லாம் புடவை. இரண்டு நைட்டி. ஒரு பாவாடை.

"உங்க சட்டை ஒண்ணுகூட இல்லியா?"

"அதெல்லாம் போட்டுக்கினு இருக்கேனே. இது அவ விட்டுட்டுப் போனது. பீரோல சும்மாதானே கெடக்குது."

அவளுக்கு அலுப்பாக இருந்தது.

தசரதன் அங்கே தொங்கியவற்றில் முதலில் சின்னப் பையைக் குத்தினான். அது போன வேகத்தில் திரும்பி வந்து தாடையில் இடித்தது.

"நகரணும்ணே."

"இது வேணாம். வெயிட்டே இல்ல."

அடுத்தது மணல் பை. மணலெல்லாம் கீழே இறங்கிக் கல்லாகியிருந்தது. ஒரே குத்தில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு அவளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மூன்றாவது துணிப் பை. ஆளுயரம். இதாவது அடங்கி நிற்கும் என்று நினைத்தவன் பலம்கொண்ட மட்டும் குத்தினான். சங்கிலி கிறீச்சிட்டது. பை மெல்லப் போய், மெல்லத் திரும்பி வந்து, நெஞ்சில் மோதித் தள்ளியது. பாவம், கீழேயே உட்கார்ந்துவிட்டான்.

"வரும்போது நகரணும்ணே. அஞ்சு மாசமா அதைத்தானே சொல்லிக்கினு இருக்கேன்."

"எல்லாமே திரும்பி வருது மாஸ்டர்!" அவனுக்கு மூச்சு வாங்கியது. "நாள் பூரா வண்டி ஓட்டிட்டு வர்றேன். வீட்லயும் இதுங்கூட மல்லுக்கு நிக்கணுமா? அடிச்சா அடிச்ச எடத்துல நிக்கணும். ஆடக் கூடாது. சத்தம் வரக் கூடாது. அப்படி ஒண்ணு குடுங்க, போதும்."

பிலோமினா ஆடிக்கொண்டிருந்த பையைப் பிடித்து நிறுத்தினாள். புடவைகளை மூட்டையோடு தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"அப்படி ஒண்ணைத்தானே பன்னெண்டு வருஷமா வீட்ல வெச்சிருந்தீங்க? அதுவே பஸ் ஏறிப் போயிடுச்சே அண்ணே."

தசரதன் தரையில் உட்கார்ந்தபடியே மேலாகக் கிடந்த புடவையை எடுத்து மடிக்கப் பார்த்தான். எப்படி மடிப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.