எந்தச் சுற்றில் உருண்டை

மழை பெய்தால் குடை நனையாமல் அதை வீட்டுக்குள் பத்திரமாக வைத்துவிட்டு வெளியே புறப்படுகிறவர்கள் மூவர் தாழம்பள்ளத்தில் இருந்தார்கள். மருதப்பன் எண்ணெய்ச் செக்குக்குச் சொந்தக்காரன். கோணையனும் வெள்ளைக்கண்ணுவும் அவனுடைய கூட்டாளிகள். தனித்தனியே யோசிப்பதைக் காட்டிலும் மூவரும் சேர்ந்து யோசித்தால் மூன்று மடங்கு நேரம் ஆகும். ஆகையால் சேர்ந்து எடுத்த முடிவுகளில் மருதப்பனுக்கு மூன்று மடங்கு நம்பிக்கை.

முப்பது வயதைத் தாண்டியும் மருதப்பனுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. கடைசியில் பக்கத்து ஊர் வேலப்பச் செட்டியார் தம் மகள் செங்கமலத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"பௌர்ணமிக்குள்ள ஒரு குடம் நல்லெண்ணெய், உங்க செக்குல ஆட்டினது, எங்க வீட்டுக்கு வந்து சேரணும் மாப்பிள்ளை. வந்தா முகூர்த்தம். வரலேன்னா கீழூர்ல இன்னொரு வரன் காத்துக்கிட்டிருக்கு. ஓடாத செக்கு உள்ள வீட்டுக்கு எம் பொண்ணை அனுப்பி நான் என்ன செய்ய?"

பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருந்தது. எள் இருந்தது, செக்கு இருந்தது, புதிதாக வாங்கிய மயிலைக்காளையும் இருந்தது. காளை இருந்ததே தவிர நடக்கவில்லை.

மருதப்பன் மாட்டுத் தரகர் ஆதிமூலத்திடம் ஓடினான். அவர் வெற்றிலையை மென்றபடி சொன்னார்: "பிண்ணாக்குல கருப்பட்டி போட்டு உருண்டை பிடிச்சுக்க. அஞ்சு சுத்துக்கு ஒரு உருண்டை. குறையவும் கூடாது, கூடவும் கூடாது."

மறுநாள் காலை கோணையன் பாரத்துக்காக, மாட்டோடு சேர்ந்து சுற்றும் செக்குப் பலகைமேல் ஏறி உட்கார்ந்தான். எண்ணும் பொறுப்பை ஏற்று வெள்ளைக்கண்ணு ஓரமாக நின்றான். காளையும், வாசனையை முன்னிட்டு, நடந்தது. ஐந்து சுற்று ஆனதும் வெள்ளைக்கண்ணு, "கொடுக்கலாம்" என்றான்.

"எதுக்குக் கொடுக்கணும்?" என்றான் பலகைமேல் இருந்த கோணையன். "மாடுதான் நகரவே இல்லையே. நான் ஏறினப்போ இதோட வால் என் மூக்குக்கு நேரா இருந்துச்சு. இப்பவும் அங்கேயேதான் இருக்கு."

"என் முன்னால அஞ்சு தரம் போச்சுடா."

"அஞ்சு மாடு போயிருக்கும்."

வெள்ளைக்கண்ணு சற்று யோசித்தான். "இருக்கலாம். நான் மூஞ்சியைக் கவனிக்கலை."

இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாக மருதப்பனுக்குப் பட்டது. ஆகவே காளையின் நெற்றியில் மஞ்சள் பூசிவிட்டு, கோணையனைக் கீழே இறக்கி நிற்க வைத்தான். மஞ்சள் நெற்றி ஐந்து தரம் வந்துபோனது. கோணையன் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டான்.

"கீழே நின்னா மாடு நடக்குது. மேலே உக்காந்தா நிக்குது. கோளாறு மாட்டுல இல்லை மருதப்பா, பலகையிலதான்."

காளை உருண்டையைத் தின்றது. தின்றுவிட்டு, நேர்த்திக்கடன் தீர்ந்த பக்தனைப்போல நெடுநேரம் அசையாமல் நின்றது. பிறகு ஐந்து சுற்று. பிறகு மறுபடியும் நிற்பது. பொழுது சாயும்வரை ஆட்டியதில், இரண்டு கரண்டி எண்ணெய் கிடைத்தது.

"அப்போ எண்ணாதீங்க" என்றார் தரகர். "வேப்பமரத்து நிழல் நகருதுல்ல? அது போற வழியில ஒரு கல்லை வையுங்க. நிழல் கல்லைத் தொட்டப்புறம் மாடு போடற முதல் சுத்துக்கு ஒரு உருண்டை. கொடுத்ததும் கல்லை ஒரு முழம் தள்ளி வச்சிருங்க."

காளை இந்த ஏற்பாட்டையும் அரைநாளில் விளங்கிக்கொண்டது. நிழல் தூரத்தில் இருக்கும்வரை கண்ணை மூடி அசைபோட்டது. நிழல் கல்லை நெருங்கி, நாலு விரற்கடை இருக்கும்போது மட்டும் எழுந்து பிரமாதமாக ஓடியது. மருதப்பன் இதைக் குந்தியிருந்து கவனித்தான். கவனித்தவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஏலே, நாலு விரற்கடை பாக்கி இருக்கறப்போதான் இது ஓடுது. அப்போ எப்பவுமே நாலு விரற்கடை பாக்கி இருக்கற மாதிரி பார்த்துக்கிட்டா?"

அப்படியே பார்த்துக்கொண்டார்கள். நிழல் நகர நகர, வெள்ளைக்கண்ணு கல்லைத் தள்ளிக்கொண்டே போனான். காளை ஓடிக்கொண்டே இருந்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். கல் களத்தைக் கடந்து, சந்துக்குள் புகுந்து, பக்கத்து வீட்டு வைக்கோற்போர் வரைக்கும் போயிற்று. கல்லைத் தள்ளத் தொடங்கியபின் ஓர் உருண்டைகூடச் செலவாகவில்லை. பிற்பகலில் காளை நின்றது, கல் போன திசையைப் பார்த்தது, நீளமாக மூச்சு விட்டது, படுத்தது. இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

பௌர்ணமிக்கு ஐந்தே நாள். குடத்தில் அடிப்பாகம்கூட நனையவில்லை. கீழூர் வரன் புது வேட்டி எடுத்துவிட்டதாக வேறு செய்தி வந்தது. மருதப்பன் மறுபடி தரகரிடம் ஓடினான்.

தரகர் மூன்றாம் முறையும் வாய் திறந்தார். "எப்போ கிடைக்கும்னு மாட்டுக்குத் தெரியக் கூடாதப்பா. ஒரு தரம் மூணாம் சுத்துல கொடு, ஒரு தரம் பதினஞ்சாம் சுத்துல கொடு. அடுத்த சுத்துல வரும், அடுத்த சுத்துல வரும்னு அது ஓடிக்கிட்டே இருக்கும்."

மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"மாட்டுக்குத் தெரியக் கூடாதுன்னா நமக்கும் தெரியக் கூடாது" என்றான் கோணையன். "நம்ம மூஞ்சியைப் பார்த்தே அது கண்டுபிடிச்சிரும்."

"உன் மூஞ்சியில இதுவரைக்கும் யாரும் எதையும் கண்டுபிடிச்சதில்லையே" என்றான் வெள்ளைக்கண்ணு.

இருந்தாலும் முன்னெச்சரிக்கை நல்லதென்று, ஒரு பானையில் ஒன்பது கறுப்புக் கூழாங்கல்லும் ஒரு வெள்ளைக் கல்லும் போட்டார்கள். சுற்றுக்கு ஒரு தரம் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டுவிட வேண்டும். வெள்ளை வந்தால் உருண்டை. ஏற்பாடு கச்சிதமாக இருந்தது. காளை மட்டும் எழுந்திருக்கவில்லை.

"பாவம், அதுக்குப் புது முறை விளங்கலை" என்றான் மருதப்பன். "ஒரு தரம் நாமளே செஞ்சு காட்டுவோம்."

வைக்கோற்போரடியிலிருந்து கல்லை எடுத்துவந்து பலகைமேல் பாரத்துக்கு வைத்தார்கள். மருதப்பனும் கோணையனும் நுகத்தடியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். காளை தலையைத் திருப்பிப் பார்த்தது. முதல் சுற்று, கறுப்பு. இரண்டாவது, கறுப்பு. நான்காவதில் வெள்ளை வந்தது. முறை தவறக் கூடாதென்று வெள்ளைக்கண்ணு மருதப்பன் வாயில் உருண்டையைப் போட்டான். கருப்பட்டி தூக்கலாக இருந்தது.

"காட்டியாச்சு, போதும்" என்றான் வெள்ளைக்கண்ணு.

"இன்னும் ஒரு சுத்து" என்றான் மருதப்பன். "மாட்டுக்கு இன்னும் தெளிவாகலை."

அடுத்ததில் வரவில்லை. அதற்கடுத்ததில் வரவில்லை. ஆனால் அதற்கு அடுத்ததில் வந்தே தீரும் என்று மருதப்பனின் தோள் சொல்லிற்று.

"இறங்குடா, என் முறை" என்றான் வெள்ளைக்கண்ணு.

"ஒரே ஒரு சுத்து. இதுலதான் இருக்கு, நிச்சயம்."

"இதையேதான் முப்பது சுத்தா சொல்றே."

"முப்பது சுத்தா வரலேன்னா இப்போ எவ்வளவு பக்கத்துல வந்திருக்கும், யோசிச்சுப் பாரு."

வெள்ளைக்கண்ணு யோசித்தான். யோசித்துவிட்டு, தானும் நுகத்தடிக்குள் தோளைக் கொடுத்தான். கல் எடுக்கிற வேலையை ஓடிக்கொண்டே முறைபோட்டுச் செய்தார்கள். எள் அரைபட்டு, எண்ணெய் கசிந்து, குடம் நிறையத் தொடங்கியது. காளை வேப்பமர நிழலில் படுத்து இவற்றையெல்லாம் மேற்பார்வை பார்த்தது.

நான்காம் நாள் ஆதிமூலம் அந்தப் பக்கம் வந்தார். "என்னப்பா, மாடு பழகிருச்சா?"

"எங்க தரகரே" என்றான் மருதப்பன், மூச்சு வாங்க. "நாங்களும் நாலு நாளா சொல்லிக் கொடுக்கறோம். அதுக்குப் புத்தி மட்டு."

பௌர்ணமியன்று குடம் நிறைந்தது. வேலப்பச் செட்டியார் எண்ணெயைத் தொட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார், முகூர்த்தம் குறித்தார்.

கல்யாணத்தன்று தாலி கட்டியாயிற்று. மாப்பிள்ளையும் பெண்ணும் கைபிடித்துத் தீயை மூன்று முறை வலம்வர வேண்டும் என்றார் புரோகிதர். வந்தார்கள். மூன்றாவது சுற்று முடிந்தது. மருதப்பன் நிற்கவில்லை. நான்கு, ஐந்து, ஆறு.

"இன்னும் எத்தனை சுத்து?" என்று செங்கமலம் மெல்லக் கேட்டாள்.

"அது தெரியக் கூடாதும்மா" என்றான் மருதப்பன் அன்போடு. "தெரிஞ்சா நின்னுருவோம்."

பத்தாவது சுற்றில் பந்தி இலைகளில் சாம்பார் ஆறத் தொடங்கியது. புரோகிதர் மந்திரம் தீர்ந்துபோய், சொன்னதையே திரும்பச் சொன்னார். செட்டியாருக்குப் பொறுக்கவில்லை. வாயில் எதையாவது போட்டாலாவது நிற்பாரா என்று தாம்பாளத்திலிருந்து ஒரு லட்டை எடுத்து, பதினொன்றாவது சுற்றில் மாப்பிள்ளையின் வாயில் திணித்தார்.

மருதப்பன் கண்கள் மலர்ந்தன. வேகம் இரட்டித்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த கோணையனும் வெள்ளைக்கண்ணுவும் இதைக் கண்டு, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடிவந்து பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

பதினாறாவது சுற்றில், மகளாவது நிற்கட்டும் என்று செட்டியார் செங்கமலத்தின் வாயிலும் ஒரு லட்டைப் போட்டார். அதுமுதல் அவள் முன்னே இழுத்துக்கொண்டு போனாள்; மாப்பிள்ளை பின்னே ஓடினான்.