புளித்தண்ணி குடிச்ச பின்லாந்து விளக்கு

ஒரு ஊர்ல ஒரு விளக்கு செத்துப்போச்சு. கொன்னது புளி. ம் சொல்லு.

தூத்துக்குடியில ஒரு வீடு. மருமக தையல்காரி. உள்ளறையில பகல்லயும் இருட்டு. குண்டு பல்பு முணுக் முணுக். ஊசிக்கண்ணு தெரியாது. அப்போ ஒரு கப்பக்காரன் கிழிஞ்ச கோட்டைத் தச்சுக் குடுத்ததுக்கு ஒரு பித்தளை விளக்கைக் குடுத்துட்டுப் போனான். பின்லாந்து விளக்கு. அந்தக் குளிர் தேசத்துல பாதி வருசம் வெயில் சரியா எட்டிப் பாக்காது. அதனால விளக்குன்னா அந்த ஊர்க்காரன் உயிரைக் குடுத்துச் செய்வான். கரண்டு வந்த புதுசுல செஞ்சது. கொக்குக் கழுத்தாட்டம் வளைஞ்ச குழாய், உள்ளே நூல் சுத்தின வயர். அந்த வெளிச்சத்துலதான் மருமக தைப்பா.

அப்புறம் வெள்ளிக்கிழமை. மாமியா எல்லா விளக்கையும் புளி போட்டுத் தேய்ச்சா. இதையும் சேத்து! அண்டாவுல முக்கி! அப்புறம் மருமக சுவிட்சைப் போட்டா... டப்! வீடே இருட்டு.

முக்கினது யாரு? திட்டு வாங்கினது யாரு?

"கண்ட தேசத்து விளக்கைக் கொண்டாந்தேல்லா? அடுத்த வெள்ளிக்குள்ள எரியணும். இல்லேன்னா தையல் மெஷினை வித்துருவேன்."

"அத்தே, மெஷின்ல கை வைக்காதீய."

அப்போ பாத்திரக்கடைக்காரர் வந்தாரு. டங் டங்னு தட்டினாரு. "ஓட்டை இல்லையேம்மா"ன்னு போயிட்டாரு. ஓட்டையையா கேட்டோம்?

அப்புறம் வயர்மேன். ஃபீசைப் போட்டான், புது பல்பை மாட்டினான். மறுபடி டப்! இன்னொரு ஃபீசைப் போட்டுட்டு, "நம்ம கரண்டு அதுக்கு ஒத்துக்கிடாது"ன்னான். கரண்டுக்கு என்ன சீக்கா? ம் சொல்லு.

மூணாவதா வந்தது அவ புருசன். "எடைக்குப் போட்டுருதேன்"னு தூக்கினான். உள்ளே களக்!

ஒருத்தனாவது திறந்து பாத்தானா?

மருமக வெடுக்குனு பிடுங்கினா. திருகாணியைக் கழட்டினா. புளித்தண்ணி கொட்டுது, களக் களக். வயர்ல சுத்தின நூலெல்லாம் ஊறி, களிம்பு ஏறிப் பச்சையாக் கிடக்கு. அதை உருவி எறிஞ்சா. விளக்கை ரெண்டு நாள் வெயில்ல போட்டா. அப்புறம் புது வயரை விட்டா, வளைவுல மாட்டிக்கிட்டு நகரமாட்டேங்குது. பாவாடைக்கு நாடா கோக்குறவளுக்கு இது ஒரு வேலையா? ஊசியில நூலைக் கோத்துக் குழாய்க்குள்ள சரிச்சா. சர்ர்ர். நூலோட வால்ல வயரைக் கட்டி, ஊசிப் பக்கமா இழுத்தா. வந்துட்டு! ரெண்டு முனையையும் திருகி மாட்டினா.

வெள்ளிக்கிழமை. சட். பளீர்!

மாமியா என்ன சொன்னா தெரியுமா? "வயர்மேன் கெட்டிக்காரன்!" தெருவும் அதையே சொல்லுச்சு. அவன் என்னத்தைக் கிழிச்சான்?

மெஷின் ஓடுது, கதை நின்னுபோச்சு, கண்ணை மூடு. யாராவது கேட்டா பேரை மாத்திச் சொல்லாத. சரி பண்ணினவ செண்பகவடிவு.